ஷாவ்லின் 36-ஆம் அறை: ஒரு பழைய சண்டையைப் பிரித்துப் படித்து, புதிதாக ஒன்றைக் கம்போஸ் செய்வது எப்படி

சண்டை அமைக்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் அசைவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு சுழல் உதை, ஒரு பல்டி, கடைசியில் ஒரு குத்து. இவற்றைக் கோத்துவிட்டால் பைட் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படிக் கோத்ததைக் கேமராவில் போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் சேர்ந்து உடற்பயிற்சி செய்வதுபோல் இருக்கும். யாருக்கு என்ன சிக்கல், ஏன் இந்த அடி, ஏன் இப்போது என்று எதுவும் தெரியாது.

இந்தக் குறைக்கு நல்ல பாடம் 1978-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’. அந்தப் படத்தின் பயிற்சிக் காட்சிகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதன் சண்டைகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: இயக்குநர் லாவ் கார் லியுங் முதலில் ஒரு சிக்கலை வைக்கிறார், பிறகுதான் அதற்கு விடையாக அசைவைத் தேடுகிறார். கீழே இருக்கும் படிகள் அந்த முறையைப் பார்த்துப் பழகி, இரண்டு பேரையும் ஒரு கைபேசியையும் வைத்து அரை நிமிடச் சண்டை ஒன்றை எடுக்கும் வரை செல்கின்றன.

யார் எடுத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லாவ் கார் லியுங் ஸ்டண்ட் மாஸ்டராக இருந்து இயக்குநரானவர். 1960-களின் பிற்பகுதியிலிருந்து டாங் காயுடன் இணைந்து, சாங் சே இயக்கிய பல படங்களுக்குச் சண்டை அமைத்தார். 1975-இல் முதல் படத்தை இயக்கினார். அவருடைய அப்பா லாவ் சாம், ஹுங் கார் பாணி குங்ஃபூ ஆசிரியர். லாவ் சாமின் குரு லாம் சாய் விங்; அவருடைய குரு புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபேய் ஹுங். கதாநாயகன் கார்டன் லியு அதே லாவ் குடும்பத்துப் பள்ளியில் பயின்று, அந்தக் குடும்பத்தின் வளர்ப்பு மகனானவர்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. ஹுங் கார் தாழ்ந்த நிலைகளில் நிற்கும் பாணி. தொடை தரைக்கு இணையாக இறங்கும் குதிரை நிலை, முன்கால் மடங்கிப் பின்கால் நீளும் வில் நிலை, எதிராளியின் கையோடு உரசி நிற்கும் முன்கை ஆகியவை அதன் அடிப்படை. நடிகருக்கே வித்தை தெரியும் என்பதால் கேமரா தள்ளி நின்று, தலை முதல் கால் வரை முழுதாகக் காட்டுகிறது. உங்கள் நடிகர்களுக்கு வித்தை தெரியாதென்றால் அதே கேமரா இடம் உங்களுக்கு உதவாது. இதற்கு மீண்டும் வருவோம்.

படி 1: சரியான பிரதியைப் பிடியுங்கள்

படம் ஏறத்தாழ 115 நிமிடம். ‘மாஸ்டர் கில்லர்’ என்ற பெயரிலும் கிடைக்கும். அது ஷாஸ்கோப் அகலத்திரையில், அதாவது உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டது. பழைய வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றிய பிரதிகளில் இரு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கும். அடிக்கிறவர் பிரேமுக்கு வெளியே, வாங்குகிறவர் மட்டும் உள்ளே என்று பல ஷாட்டுகள் ஆகிவிடும். இருவருக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் படிக்கப்போகிறோம் என்பதால் அந்தப் பிரதியை வைத்து எதுவும் செய்ய முடியாது. புதுப்பித்த அகலத்திரைப் பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.

படி 2: மூன்று முறை பாருங்கள், மூன்று விதமாக

முதல் முறை கதைக்காக. சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்தின் கீழ் இருக்கும் கான்டன் நகரில் ஒரு மாணவன் தன் குடும்பத்தை இழக்கிறான். தப்பியோடி ஷாவ்லின் மடத்தில் சேர்கிறான். அங்கே சான் தே என்ற பெயர் பெற்று, குங்ஃபூ பயிற்சிக்கான 35 அறைகளையும் கடக்கிறான். வெளியே இருக்கும் சாமானியர்களுக்குக் கற்றுத்தர 36-ஆவது அறை வேண்டும் என்கிறான்.

இரண்டாவது முறை ஒலியை அணைத்துவிட்டுச் சண்டைகளை மட்டும். அந்தக் காலத்து ஷா பிரதர்ஸ் படங்களில் எல்லா ஒலியும் பிறகு சேர்த்ததே. ‘டக்’ என்ற சத்தம் இல்லாதபோதும் எந்த அடி கனமாகத் தெரிகிறது என்று குறித்துவையுங்கள். அதுதான் உடலால் நன்றாக நடிக்கப்பட்ட அடி. சத்தம் போனதும் காற்றில் கரைந்துவிடும் அடிகளையும் குறியுங்கள், அவையும் பாடம்தான்.

மூன்றாவது முறை பிரேம் பிரேமாக. யூடியூபில் இடைநிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு பிரேம் பின்னே கொண்டுவரும். விஎல்சி பிளேயரில் ஆங்கில E விசை முன்னே நகர்த்தும். பின்னே போக அதில் வசதி போதாது. அதனால் வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து ஓடவிடுங்கள்.

படி 3: பயிற்சி அறைகளைச் சாவியாகப் பயன்படுத்துங்கள்

படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சி. பொழுதுபோக்காகப் பார்த்து நகர்ந்துவிடாமல் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த உறுப்பு, எந்தத் திறன், தவறினால் என்ன தண்டனை.

மேல்கையில் கத்தி கட்டிக்கொண்டு தண்ணீர் வாளிகளைத் தூக்கிச் சரிவில் ஏறும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பு தோள், திறன் கையைத் தாழவிடாமல் நீட்டிப் பிடிப்பது, தாழ்ந்தால் கத்தி விலாவில் குத்தும். நீளக் கழியின் நுனியில் கனத்தோடு மணியை அடிக்கும் அறையில் உறுப்பு மணிக்கட்டு. கழியின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையில் எடை வைத்தால் சின்ன எடைகூட மணிக்கட்டில் பல மடங்காக இறங்கும். அதோடு அங்கே தாளம் வேறு இருக்கிறது, அந்தத் தாளத்துக்குத்தான் அடிக்க வேண்டும். கண் அறையில் முகத்தின் இரு பக்கமும் ஊதுவத்தி எரிய, தலையைத் திருப்பாமல் அசையும் வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். தொங்கும் மூட்டைகளைத் தலையால் முட்டும் அறையும் உண்டு.

எழுதிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பாதிச் சண்டைகளைப் பாருங்கள். எந்த அறையின் திறன் எந்த நொடியில் வேலைக்கு வருகிறது என்று கோடு போட்டு இணையுங்கள். சண்டை மாஸ்டர் கதையோடு பேசுகிற இடங்கள் அவை.

படி 4: கடைசிச் சண்டைக்குப் போகாதீர்கள், மடத்துச் சண்டைக்குப் போங்கள்

புதியவர்கள் நேராக லோ லியே நடித்த தளபதியுடனான கடைசி மோதலுக்குப் போவார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் மடத்துக்குள் நடக்கும் போட்டிகள். 35 அறைகளையும் முடித்த சான் தேவுக்குப் பொறுப்பு தர மடம் முன்வரும்போது, ஒழுங்குக்குப் பொறுப்பான மூத்த துறவி (லீ ஹோய் சான்) தன்னை வென்றுவிட்டு வா என்று நிறுத்துகிறார். அவர் கையில் இரட்டைக் குறுங்கத்திகள். சான் தே தோற்கிறான். மறுபடி வருகிறான், மறுபடி தோற்கிறான். கடைசியில் சங்கிலியால் இணைத்த மூன்று துண்டுக் கம்பு என்ற புது ஆயுதத்தோடு வந்து ஜெயிக்கிறான்.

ஆள் அதே ஆள், கத்தியும் அதே கத்தி. மாறுவது சான் தேவின் விடை மட்டும். படிப்பவருக்கு இதைவிட வசதியான காட்சி கிடைக்காது.

ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: ஷாட் எண், நீளம் விநாடியில், அந்த ஷாட்டுக்குள் எத்தனை அடி-தடுப்பு, ஷாட் முடியும்போது யார் கை ஓங்கியிருக்கிறது, கேமரா எங்கே. ஆறாவதாக ஒரு பத்தியை அகலமாக விடுங்கள், அது தூரத்துக்கு.

தூரத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். கம்பின் நுனி மட்டும் எட்டுவது தூரம். கைநீட்டினால் குத்து எட்டுவது நடு. முழங்கையும் தோளும் உரசுவது கிட்டம். இரட்டைக் குறுங்கத்திக்காரன் ஏறத்தாழ முன்கை நீளமே உள்ள அலகோடு நிற்கிறான். தூரத்தில் அவன் கை வெறும் கைதான். ஒரு கத்தியால் எதிராளியின் ஆயுதத்தை ஒதுக்கி, அதைப் பிடித்தபடி உள்ளே நுழைந்துவிட்டால் இன்னொரு கத்தி வெட்டும். அந்தக் கணத்தில் நீண்ட ஆயுதம் வைத்திருப்பவனுக்கு அதன் நீளமே பாரம். முனை எதிராளிக்குப் பின்னால் எங்கோ இருக்கும், திருப்பி எடுக்க இடம் இருக்காது.

மூன்று துண்டுக் கம்பு இந்த இடத்தில்தான் வருகிறது. நீட்டினால் அது நீண்ட ஆயுதம். மடக்கிப் பிடித்தால் இரண்டு கையிலும் இரண்டு குட்டைக் கழி, நடுத்துண்டு தடுப்பு. ஒரு துண்டு கத்தியைத் தடுக்கும்போது இணைப்பில் மடங்கும் அடுத்த துண்டு தடுப்பைத் தாண்டிப் போய் அடிக்கும். சங்கிலி சுற்றினால் கத்தி பிடித்த கை சிக்கும். நோட்டின் ஆறாவது பத்தியை நிரப்பிப் பார்த்தால், தோற்கும் சண்டைகளில் ‘கிட்டம்’ என்று எழுதிய இடங்களில் கை யாருடையது ஓங்கியது, ஜெயிக்கும் சண்டையில் யாருடையது என்பது பளிச்சென்று தெரியும்.

இங்கே பலர் செய்யும் பிழை, அடிகளை எண்ணுவது மட்டும்தான் பிரித்துப் படிப்பது என்று நினைப்பது. எண்ணிக்கை கூடவே வேண்டும். ஆனால் தூரம் எழுதாத நோட்டு வீண்.

படி 5: உங்கள் சிக்கலை ஒரு வரியில் எழுதுங்கள்

அசைவை நினைக்கும் முன் ஒரு வாக்கியம். உதாரணமாக: ‘கம்பு வைத்திருப்பவன் எதிராளியை உள்ளே விடக்கூடாது, வெறுங்கையன் உள்ளே வந்தே ஆக வேண்டும்.’ இரண்டு பேருக்கும் எதிரெதிரான தேவை இருந்தால்தான் வாக்கியம் வேலை செய்யும். ‘இருவரும் மோதுகிறார்கள்’ என்று எழுதினால் அசைவு பிறக்காது.

படி 6: பன்னிரண்டு அடி, மூன்று கூறு

முதல் சண்டைக்குப் பன்னிரண்டு அடிக்கு மேல் வேண்டாம். நான்கு நான்காக மூன்று கூறாகப் பிரியுங்கள். ஒரு கூறு ஒரு ஷாட். முதல் கூறில் வெறுங்கையன் நுழையப் பார்த்துத் தோற்கிறான், அடிகள் தூரத்திலேயே நிற்கும். இரண்டாம் கூறில் வேறு வழியில் முயன்று நடுத்தூரம் வரை வந்து அடி வாங்கி வெளியே விழுகிறான். மூன்றாம் கூறில் கம்பின் வீச்சு முடிந்து திரும்பும் இடைவெளியைக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடுகிறான். அந்த இடைவெளியை முதல் இரண்டு கூறுகளிலும் பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வெற்றி அதிர்ஷ்டம்போல் தெரியும்.

தாளத்தைச் சமமாக வைக்காதீர்கள். புதியவர்களின் சண்டை ‘டக், டக், டக், டக்’ என்று ஒரே இடைவெளியில் ஓடும். நான்காவது அடிக்குள் கண் சலித்துவிடும். மூன்று அடி வேகமாக, பிறகு அரை விநாடி அசையாமல் ஒரு நிலை, பிறகு ஒற்றை அடி. அந்த அரை விநாடி நிறுத்தத்தில்தான் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்வையாளர் வாங்கிக்கொள்கிறார். சீன மேடை நாடகத்தின் உறைநிலையிலிருந்து வந்த பழக்கம் இது. லாவின் சண்டைகளில் ஒலியை அணைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

படி 7: ஆயுதமும் பாதுகாப்பும்

பயிற்சிக்குப் பிரம்பு எடுங்கள். மூங்கில் வெடித்தால் சிலும்பு ஈட்டிபோல் கிளம்பிக் கண்ணுக்கு வரும். பிரம்பு நார் நாராகப் பிரியுமே தவிர அப்படிச் சிதறாது. நீளம் புருவ உயரம், தடிமன் சுமார் 2.5 செ.மீ. ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் துணியால் முழு நீளமும் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டுகிற இடத்தில் விரிசல் இருக்கும்.

மூன்று துண்டுக் கம்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பிவிசி குழாயில் தொடங்கலாம். 60 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டு, மேலே ஃபோம் உறை, இணைப்புக்கு நைலான் கயிறு. துண்டுகளுக்கு இடையே 10 முதல் 12 செ.மீ. கயிறு தெரிந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் கடைசித் துண்டு சாட்டைபோல் சுற்றி உங்கள் முழங்கைக்கே திரும்பும், குறைத்தால் மடங்காது. முதல் சில வாரம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தனியாகச் சுற்றுங்கள். எதிரில் ஆள் நிற்பது அதற்கப்புறம்.

இருவர் சேரும்போது மாறாத விதிகள் சில. குத்து நீண்டு முடியும் இடம் முகத்துக்கு ஒரு சாண் முன்னால். கம்பால் அடிக்கும்போது குறி எதிராளியின் கம்பு, அவன் உடல் இல்லை. தலை உயரத்தில் வீசும் அடியில் குனிகிறவர் முதலில் குனிய வேண்டும், குனிந்ததைப் பார்த்த பிறகே வீச்சு வர வேண்டும். கேமராவில் இது தெரியவே தெரியாது; தலைகீழாகச் செய்தால் மருத்துவமனைதான். ஒவ்வொரு கூறும் தொடங்கும் முன் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பார்வை விலகியிருந்தால் அடி கிடையாது, நிறுத்தம்.

படி 8: ரிகர்சல் வேகம்

கால் வேகத்தில் பத்து முறை பிசகாமல் வந்த பிறகு அரை வேகம், அதிலும் பத்து முறை வந்த பிறகு முக்கால். படப்பிடிப்பும் முக்கால் வேகத்தில்தான். முழு வேகத்தை நடிகரிடம் கேட்காதீர்கள். வேகத்தில் முதலில் கெடுவது கால். கை மட்டும் பறக்கும், பாதம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், இடுப்பு திரும்பாது, அடிக்குக் கனம் போய்விடும். ஹுங் காரின் தாழ்ந்த நிலைகள் திரையில் பலமாகத் தெரிவது இடுப்பும் பாதமும் சேர்ந்து நகர்வதால்தான்.

இன்னொரு பொதுவான கோளாறு, அடி வரும் முன்பே வாங்குகிறவர் தலையைத் திருப்புவது. ‘மூன்றாவது எண்ணிக்கையில் திரும்பு’ என்று சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும். எண்ணிக்கையை விட்டுவிட்டு, எதிராளியின் தோள் அசைவைப் பார்த்து ரியாக்‌ஷன் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 9: கேமரா எங்கே

லாவ் பக்கவாட்டில் அகலமாக வைக்க முடிவதற்குக் காரணம், அவருடைய நடிகர்களின் முன்கைகளும் ஆயுதங்களும் உண்மையாகவே தொட்டுக்கொள்கின்றன. மறைக்க எதுவும் இல்லை. உங்கள் சண்டையிலும் கம்பும் கம்பும் மோதும் இடங்களைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் வைத்து, பாதம் தெரிய எடுங்கள். முகத்தில் விழும் குத்தை மட்டும் அப்படி எடுக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி பட்டவர்த்தனமாகத் தெரியும். அதற்குக் கேமராவை வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னாலோ குத்துகிறவரின் தோளுக்குப் பின்னாலோ கொண்டுபோய், இருவரும் லென்ஸுக்கு ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். இடைவெளி மறைந்துவிடும்.

கைபேசியில் விநாடிக்கு 24 அல்லது 25 பிரேம், ஷட்டர் 1/50. ஷட்டரை 1/500-க்குக் கூட்டினால் ஒவ்வொரு பிரேமும் கூர்மையாகி அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நம் பக்கத்து மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50-இல் டியூப்லைட் மினுக்கமும் வராது.

ஹாங்காங் படங்களின் வேகத்துக்கு ஒரு பகுதிக் காரணம், விநாடிக்கு 24-க்குக் குறைவான பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டியது. 22-இல் எடுத்தால் சுமார் 9 சதவீதம் வேகம் கூடும், 20-இல் எடுத்தால் 20 சதவீதம். நீங்கள் எடிட்டிங்கில் 108 அல்லது 110 சதவீதம் ஓட்டினால் அதே பலன். 120-ஐத் தாண்டாதீர்கள். கை வேகமாவதை நம்புகிற கண், ஆடை பறப்பதும் ஆள் விழுவதும் வேகமாவதை நம்பாது. அதனால் குதிக்கும், விழும் துண்டுகளை மட்டும் 100-லேயே விட்டுவிடுங்கள்.

படி 10: வெட்டும் ஒலியும்

ஒவ்வொரு ஷாட்டின் கடைசி அடியை அடுத்த ஷாட்டின் முதல் அடியாக மறுபடி நடிக்கச் சொல்லுங்கள். வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க இடம் கிடைக்கும். அசைவு பாதியில் இருக்கும்போது வெட்டினால் தையல் தெரியாது. முழுச் சண்டையையும் நான்கு கோணத்தில் திரும்பத் திரும்ப எடுத்துவிட்டுப் பிறகு பொறுக்கலாம் என்பது ஆளைக் களைப்பாக்கும் வழி. ஹாங்காங் பழக்கம் நேர்மாறானது: எந்தக் கூறு எந்தக் கோணம் என்று முன்பே முடிவு செய்து அதை மட்டும் எடுப்பார்கள்.

ஒலியை, தொடும் பிரேமிலேயே வையுங்கள். தொடுதல் தெரியாத ஷாட்டில், வாங்குகிறவரின் தலை திரும்பத் தொடங்கும் பிரேமில். மரத்துக்கு ஒரு சத்தம், துணிக்கு ஒரு சத்தம், உடலுக்கு ஒரு சத்தம் என மூன்று போதும். எல்லா அடிக்கும் ஒரே கனமான சத்தம் வைத்தால் எதுவும் கனமாகக் கேட்காது.

முதல் சண்டை முடிந்ததும் புதிய சண்டைக்குத் தாவாமல் அதே பன்னிரண்டு அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடம், அதே இருவர். தோற்றவன் கையில் இப்போது இரண்டு குட்டைக் கழி கொடுங்கள், ஒவ்வொன்றும் 50 செ.மீ. கம்புக்காரனின் அடிகளில் எவை இனி செல்லாது என்று நோட்டில் அடித்துவிட்டு, அந்த இடங்களை மட்டும் மறுபடி கம்போஸ் செய்யுங்கள்.